மூக்கில்லாத சாட்சி

கஸ்பாருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்தால், அது இன்னும் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கவில்லை என்று அர்த்தம். பதினான்கு வருடக் குடித்தனத்தில் சுகிர்தம் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தாள். மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் எந்த இடத்தில் தடுமாறினார், வியட்நாமில் அமெரிக்கக்காரன் எப்படிச் சண்டை போட்டிருக்க வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரியும். கஸ்டம்ஸிலிருந்து சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஏஜெண்டு அவர். கப்பலில் வரும் பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவேன் என்று பெருமை அடித்துக்கொள்வார். மனைவியையும் அப்படித்தான் பார்த்துவந்தார், திறக்காமலே.

மணலியில் தொழிற்சாலை கட்ட வந்திருந்த அமெரிக்க எஞ்சினியர் ஒருவர் எழுபத்துநான்காம் வருட ஆரம்பத்தில் ஊர் திரும்பினார். அவர் விட்டுப்போன காரை, யார் யாரையோ பிடித்து, எந்தெந்தக் காகிதத்திலோ கையெழுத்து வாங்கி, கஸ்பார் ராயபுரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வெளிறிய பச்சை நிறம். ஸ்டீயரிங் இடது பக்கம். தெருவுக்குள் அது நுழைந்தால் எதிரே வரும் கைவண்டி பின்னால் போயாக வேண்டும். பெட்ரோல் விலை ஏறி, கார் வைத்திருந்தவர்களே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த வருடம் அது. கஸ்பார் மட்டும் சனிக்கிழமை தவறாமல் பெட்ரோல் பங்குக்குப் போய் டாங்கின் கழுத்து வரை நிரப்பினார். அவ்வளவு பெட்ரோலும் அவருக்குத் தேவைப்பட்டதா என்பது வேறு. நிரப்பும்போது நாலு பேர் நின்று பார்த்தார்கள், அது தேவைப்பட்டது.

கார் வந்த சில மாதங்களில் அமெரிக்கக்காரன் செய்திருந்த தப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார். ஹார்னை மாற்றினார். முன்னால் வேளாங்கண்ணி மாதாவை ஒட்டினார். பின் சீட்டுக்கு ரெக்சின் உறை தைத்தார். பெட்ரோல் டாங்கின் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வருகிறது என்று, ஜூன் கடைசியில் ராயப்பர் திருநாளுக்கு முந்தின ஞாயிறு அன்று, அந்த மூடியிலும் ஒரு ஓட்டை போட்டார். அந்தப் பக்கத்து டிரைவர்களின் வழக்கம்தான் அது. புது மூடி வாங்கினால் நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இல்லாவிட்டால் ஆணியால் அடித்துவிட்டுத்தான் மாட்டுவார்கள்.

"டாங்க் மூச்சு விடணும், சுகிர்தம். அம்பாசிடர் மூடியைப் பாரு, ஓட்டை இருக்கும். இது தெரியாதவன் நிலாவுக்குப் போனானாம்" என்றார்.

சுகிர்தம் மூடியைச் சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் கை டிரில்லைச் சுற்றினார். இரும்புத் தூள் அவள் மடியில் விழுந்தது. ஓட்டை கொஞ்சம் கோணலாக விழுந்ததைப் பார்த்தாள், சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவளுக்கு வீட்டு வேலைகளில் ஒன்றாக ஆகியிருந்தது.

நாற்றம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் அவளால் சரியாகச் சொல்ல முடியும். ஜூலை மாதம், திருவொற்றியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது. காரின் முன் சீட்டு கஸ்பாரின் ஃபைல்களுக்கும், சுருட்டு டப்பாவுக்கும், எப்போதாவது ஏறும் பெரிய மனிதர்களுக்கும் உரியது. சுகிர்தமும் ஒன்பது வயது லூர்துவும் பின்னால்தான். டோல்கேட் தாண்டும்போது லூர்து வாந்தி எடுத்தாள். சுகிர்தத்துக்குத் தலை இரண்டாகப் பிளந்தது.

"என்னங்க, பெட்ரோல் நாறுது."

கஸ்பார் ஜன்னலைத் திறந்துவைத்துச் சுருட்டுப் புகையை ரோட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தார். "ராயபுரத்திலே பொறந்தவளுக்கு நாத்தம் தெரியுதாம். காசிமேட்டுக் கருவாடு நாறலே, எண்ணூர்லே உரம் நாறலே, பெட்ரோல் மட்டும் நாறுதா?"

விஷயம் நேர் எதிர். அந்த ஊரில் பிறந்தவளுக்குத்தான் நாற்றங்களைப் பிரிக்கத் தெரியும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். வடக்குக் காற்றென்றால் கந்தகம், கிழக்கென்றால் கருவாடு, தெற்கே திரும்பினால் துறைமுகத்துக் கோதுமைத் தூசி. இத்தனைக்கும் நடுவே பெட்ரோல் தனியாக, ஊசி போல் வந்து குத்தியது.

ஆகஸ்டு முழுக்க அவள் கவனித்தாள். சனிக்கிழமை நிரப்பிய அன்றும் மறுநாளும் தாங்காது. புதன், வியாழனில் குறைந்துவிடும். காலையில் லேசாக இருக்கும், வெயிலில் நிறுத்திவிட்டு ஏறினால் கண் எரியும். பிரேக் போட்டதும் ஒரு அலை வரும். இதையெல்லாம் கோர்வையாகச் சொன்னாள். கஸ்பார் பொறுமையாகக் கேட்டார். அவர் பொறுமையாகக் கேட்டால் அதைவிட அவமானம் வேறில்லை.

"நல்லாத்தான் கதை கட்டுறே" என்றார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு அவள் காரில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு, லூர்துவைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். தெருவே பார்த்தது. கப்பல் மாதிரி கார் வாசலில் நிற்க, கஸ்பார் வீட்டம்மா கால்நடையாகப் போகிறாள். அவருக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே மனைவியைத் தண்டையார்பேட்டையில் காஜா மொய்தீனின் பட்டறைக்கு அழைத்துப்போனார். கிடங்குகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட பட்டறை. அமெரிக்கக்காரன் காலத்திலிருந்தே அந்தக் காரைப் பார்த்துவந்த மெக்கானிக் காஜா மொய்தீன்.

"பாய், அம்மாவுக்குப் பெட்ரோல் நாறுதாம். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. ஒண்ணுமில்லதானே?"

காஜா மொய்தீன் பின் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டார். கண்ணை மூடி, நாதஸ்வரக்காரர் மூச்சிழுப்பது போல் நீளமாக இழுத்தார். வெளியே வந்தார்.

"ஒண்ணும் இல்ல சார். சுத்தமா கீது."

கஸ்பார் திரும்பி மனைவியைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டியா? முப்பது வருஷம் பெட்ரோல்லயே குளிச்ச மூக்கு."

அன்றைக்கு அவள் தோற்றுப்போனாள். கணவன் சொல்லியிருந்தால் உள்ளுக்குள் சிரித்திருப்பாள், அந்தச் சிரிப்புதான் இத்தனை வருடம் அவளைக் காப்பாற்றி வந்தது. ஆனால் இவர் சம்பந்தமில்லாத மனிதர், தொழில் தெரிந்தவர். அப்படியானால் தன் மூக்கில்தான் ஏதோ. வீட்டுக்கு வந்து தலையணையை முகர்ந்தாள். பெட்ரோல். லூர்துவின் தலைமுடி, பெட்ரோல். சோற்றுப் பானையைத் திறந்தால் ஆவியோடு அதுவும் வந்தது. இது நிஜமா, பயமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. நாற்றங்களைப் பிரிக்கத் தெரிந்தவள் என்ற ஒரே சொத்தும் போனது.

கஸ்பார் அவளை ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். சோற்றில் நாறுகிறது என்பதையும் அவள் மறைக்காமல் சொன்னாள். டாக்டர் அதைத்தான் முதலில் எழுதிக்கொண்டார். தினம் படுக்கும்போது ஒரு மஞ்சள் மாத்திரை. இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் அவருடைய நர்சிங் ஹோமில் ஒரு மாதம். கஸ்பார் இரண்டு வாரம் காத்திருக்கவில்லை. அரக்கோணத்தில் ரயில்வே கார்டாக இருந்த அவள் அண்ணன் அருள்பிரகாசத்துக்கு எழுதி, வரும் ஞாயிறு வந்து தங்கையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி ஏற்பாடு செய்துவிட்டார். லூர்துவுக்குக் கன்னியாஸ்திரீகளின் விடுதி. தகரப் பெட்டி ஒன்றில் அவளுடைய கவுன்கள் மடித்து வைக்கப்பட்டு வாசல் அறைக்கு வந்துவிட்டன. ஒரு மாதம் என்றுதான் சொன்னார்கள். அந்த மாதிரி இடத்துக்குப் போய் வந்தவளுக்கு அப்புறம் எந்த மாதமும் சொந்தமில்லை, அவள் எதைச் சொன்னாலும் அது வியாதி என்று சுகிர்தத்துக்குத் தெரிந்திருந்தது.

புதன்கிழமை கஸ்பார் பிரேக் வேலைக்குக் காரைப் பட்டறையில் விட்டார். மூக்குக் கண்ணாடியைக் காரிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். வியாழன் காலை, "போய் எடுத்துக்கிட்டு வா" என்றார். பைத்தியம் என்று முடிவான பிறகும் எடுபிடி வேலைக்கு அவள் லாயக்காகத்தான் இருந்தாள்.

பஸ்ஸில் போய் இறங்கினாள். பட்டறை வாசலில் ஒரு பெண்ணின் குரல் தெரு முனை வரைக்கும் கேட்டது.

"அடி புடிச்ச சால்னாம்மா! கறுப்பா தீஞ்சி கீது. தவறிப்போய் அந்த டிபனை எட்த்துனு வந்துட்டேன். வேற கொண்டாரலாம்னு ஓடியார்றேன், அதுக்குள்ள இந்த மனுஷன் வழிச்சித் துன்னுட்டு ஏப்பம் வுட்டுகினு கீறாரு!"

காஜா மொய்தீனின் மனைவி காத்தூன் பீவி அது. கையில் காலி டிபன் கேரியர். சுகிர்தத்தைப் பார்த்ததும் நியாயம் கேட்க ஆள் கிடைத்த உற்சாகம் வந்துவிட்டது.

"நீயே சொல்லுக்கா. பக்கத்துக் குடோன்ல கீறவன் எட்டிப் பாத்து இன்னா தீயுதுன்றான். இவுருக்குத் தெர்ல."

"ஏன் தெரியலே?"

"இவுருக்கு ஏது மூக்கு? டியூப்ப வாய்ல வச்சி பெட்ரோலு உறிஞ்சி உறிஞ்சி, மூக்கு செத்து பத்து வர்சமாவுது. போன மாசம் பாய் பத்திகினு எரியுது, அதும் பக்கத்துல சொகமாப் பட்த்துகினு கீறாரு. நான்தான் தண்ணி ஊத்தினேன். பாய் மேலயும் ஊத்தினேன், இந்த பாய் மேலயும் ஊத்தினேன்."

சுகிர்தம் சிரிக்கவில்லை. அவளுக்கு ஆத்திரம் வந்தது. இரண்டு வாரமாக அவள் தன்னைத் தானே சந்தேகித்து ராத்திரிகளைக் கழித்தது இந்த மூக்கை நம்பி. கோர்ட்டில் குருடனைக் கூப்பிட்டு, திருடனைப் பார்த்தாயா என்று கேட்ட கதை.

காஜா மொய்தீன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பாய், அன்னிக்கு எதை வச்சு மோந்து பாத்தீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "சாரு கேட்டாரும்மா. ஒண்ணுமில்லதானேன்னு கேட்டாரு. கஸ்டமரே ஒண்ணுமில்லன்னு சொல்றப்ப..."

"நீங்களும் ஒண்ணுமில்லேன்னுட்டீங்க."

"மூக்கு வேலை செய்யலன்னு நாலு பேரு எதிர்ல சொன்னா, நாளைக்கி எவம்மா வண்டி வுடுவான்?"

"அவர் மானத்துக்கு ஒரு பொய், உங்க மானத்துக்கு ஒரு பொய். நடுவிலே நான் பைத்தியம். ஞாயித்துக்கிழமை என்னை நரம்பு ஆஸ்பத்திரியிலே கொண்டுபோய் விடறாங்க, பாய். உங்க சாட்சியை வச்சுதான்."

காத்தூன் பீவி டிபன் கேரியரைக் கீழே வைத்தாள். கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். "த்தூ" என்றாள். "ஒரு பொம்பளைய ஆஸ்பத்திரிக்கி அனுப்ச்சிட்டு சால்னா துன்னுகினு கீறியா? வண்டியப் பாருய்யா!"

காஜா மொய்தீன் வண்டியைப் பார்த்தார். வெட்கப்பட்ட மனிதன் எப்படி வேலை செய்வானோ அப்படி, நிமிராமல், ஒன்று விடாமல் பார்த்தார். நாற்றம் எப்போது அதிகம் என்று கேட்டார். சுகிர்தம் ஆகஸ்டு மாதக் கணக்கை ஒப்பித்தாள். டாங்க் நிறைந்திருக்கும்போது, வெயிலில், பிரேக் போட்டால். அவர் முதல் முறையாக நிமிர்ந்தார்.

"இத்த எல்லாம் சார்கிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"நல்லா கதை கட்டுறேன்னாரு."

அவர் பானெட்டைத் தூக்கி, மூலையில் இருந்த உருண்டையான கறுப்பு டப்பா ஒன்றைக் காட்டினார். "அந்த வெள்ளைக்காரரு எனக்கு இத்தக் காட்டிக் குட்த்தாரும்மா. உள்ள அட்ப்புக்கரி மாதிரி கரிதான் கீது. நம்ப வண்டில டாங்க்ல கீற பெட்ரோல் ஆவி மூடி வழியா காத்துல போய்டும். இதுல அப்டி வுட மாட்டான். டாங்க்லேர்ந்து குழாய்ல வந்து இந்தக் கரில ஒக்காந்துக்கும். வண்டி ஓடறப்போ எஞ்சின் அத்த உறிஞ்சிக்கும். அவங்க ஊர்ல காத்து கலீஜாவக் கூடாதுன்னு சட்டமாம். அதனால எங்கியும் ஓட்டையே இருக்காது. இருந்தா, அதான் நாத்தம்."

பக்கத்தில் நின்றவனைப் பீடியை அணைத்துவிட்டுத் தெருவுக்குப் போகச் சொன்னார். டப்பாவிலிருந்து டாங்குக் குழாயைக் கழற்றினார். சைக்கிள் பம்பின் ரப்பரை அதில் சொருகினார். ஒரு கிண்ணத்தில் சோப்பைக் கரைத்து, பெயிண்ட் பிரஷால் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் நுரையைத் தடவினார்.

"நான் மெல்ல அடிக்கிறேன். எங்கயாவது முட்டை வுட்டா சொல்லு."

காத்தூன் பீவியும் சுகிர்தமும் தரையில் குந்தி, காரின் அடிவயிற்றைப் பார்த்தார்கள். பம்பு மெதுவாக ஏறி இறங்கியது. முன்னால் ஒன்றுமில்லை. நடுவில் ஒன்றுமில்லை. டாங்கின் தலையில் இருந்த இணைப்பிலும் நுரை அசையாமல் கிடந்தது. ஆனால் பம்பைப் பிடித்தால் காற்று நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது.

"எங்கியோ போவுது. பேஜாரா கீதே" என்றார் காஜா மொய்தீன்.

சுகிர்தம் எழுந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கருவாடு, கிரீஸ், தீய்ந்த சால்னா, இவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். வீட்டில் முடியாமல் போனது இங்கே, யாரும் பரிகசிக்காத இடத்தில், தானாகவே வந்தது. கார் ஓரமாகப் பின்னோக்கி நடந்தாள். பின் கதவு, டிக்கி, நம்பர் பிளேட். அங்கே நின்றாள்.

"இங்கே."

இந்தக் காரில் பெட்ரோல் ஊற்றும் வாய் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இருந்தது. ஸ்பிரிங் வைத்த பிளேட்டைக் காஜா மொய்தீன் கீழே மடக்கினார். மூடியின் மேல் சோப்பு நுரையைத் தடவினார். பம்பு அடித்தார். நுரையின் நடுவில், கொஞ்சம் கோணலாக, ஒரு முட்டை கிளம்பியது. பெருத்தது. எலுமிச்சை அளவு வந்து வெடித்தது. அடுத்தது கிளம்பியது.

"அடச் சீ" என்றார் அவர். நுரையைத் துடைத்தார். "மூடில ஓட்டை! இது கம்பெனி ஓட்டை இல்லம்மா, கையால போட்டது. பிரேக் போட்டா பெட்ரோல் மேல ஏறி இது வழியா துப்பும். பின்னாடி டிக்கி, டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவுல வெறும் அட்டை. நேரா உன் மூஞ்சில தாம்மா வந்திருக்கும். எந்தப் பேமானி இத்தப் பண்ணான்?"

சுகிர்தம் அந்த ஓட்டையைப் பார்த்தபடி நின்றாள். மேஜையின் விளிம்பு நினைவுக்கு வந்தது. தன் இரண்டு கைகள். மடியில் விழுந்த இரும்புத் தூள். அது கோணலாக விழுகிறது என்று தெரிந்தும் திறக்காத வாய். கணவனைக் குறித்து அவள் மனதில் பதினான்கு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த இளக்காரம் ஒரு கணம் திசை திரும்பி அவள் மேலேயே விழுந்தது. அவரை முட்டாள் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே அவர் முட்டாள்தனத்தை நழுவாமல் பிடித்துக் கொடுத்தவள் யார்? உள்ளுக்குள் சிரிப்பவள் என்று தன்னைப் பற்றி ஒரு கர்வம் வைத்திருந்தாளே, அந்தச் சிரிப்பு யாரை என்ன செய்தது? குழந்தைக்கு வாந்தி வந்தது, அவ்வளவுதான்.

"நான்தான் பிடிச்சுக்கிட்டேன்" என்றாள். காஜா மொய்தீனுக்குப் புரியவில்லை.

மூடியைக் கழற்றி, கழுவிக் காயவைத்து, காரிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் ஓட்டையில் ஈயம் வைத்து அடைத்தார். வெள்ளையாக ஒரு குமிழ் நின்றது. அரத்தை எடுத்தார்.

"ராவாதீங்க, பாய். அப்படியே துருத்திக்கிட்டு இருக்கட்டும்" என்றாள் சுகிர்தம்.

மறுபடி நுரை தடவிப் பம்பு அடித்தார்கள். நுரை அசையவில்லை. இந்த முறை பம்பின் பிடியே மெல்ல எதிர்த்து நின்றது. காத்தூன் பீவி கையைத் தட்டினாள். "சார்கிட்டே நானே சொல்லிக்கிறேன், பாய்" என்றாள் சுகிர்தம்.

வெள்ளி மாலை கஸ்பார் காரை எடுத்து வந்தார். சனிக்கிழமை பங்குக்குப் போய், இறங்காமலே, பங்குப் பையனை விட்டுக் கழுத்து வரை நிரப்பினார். உச்சி வெயிலில் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு எண்ணூரில் ஒரு துக்க வீட்டுக்குப் போனார். சுகிர்தம் பின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிரேக் போடும்போதெல்லாம் மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தாள். ரெக்சின், சுருட்டு, உப்புக் காற்று. வேறெதுவும் இல்லை. லூர்து ஜன்னலில் சாய்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

கஸ்பார் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "இன்னைக்கு ஒண்ணும் நாறலியா?"

"இல்லே."

"பாத்தியா! மாத்திரை வேலை செய்யுது. உள்ளே ஒரு மாசம் இருந்தா வேரோட போயிடும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. கண்ணாடியில் தெரிந்த அந்தத் திருப்தியான முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள். இது பழைய விழுங்கல் இல்லை. இவரிடம் தனியாகச் சொல்வது சுவரிடம் சொல்வது. இரண்டு காதுகள் கூடுதலாக வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்து அருள்பிரகாசம் வந்தார். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், யாருக்காகவும் வாய் திறக்காதவர். ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து பச்சைக் கொடி ஆட்டிப் பழகியவர் எல்லாவற்றுக்கும் அதையே ஆட்டினார். சாப்பாட்டு மேஜையில் காப்பியோடு உட்கார்ந்து, டாக்டரின் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தார்.

"ஒரு மாசம்தானே, சுகி. நல்லா ரெஸ்ட் எடுத்தா மாதிரி இருக்கும்."

"அண்ணா, நாத்தம் போயிடுச்சு."

"அதான் மச்சான் நானும் சொல்றேன், மாத்திரையோட மகிமை" என்றார் கஸ்பார்.

சுகிர்தம் ஒரு காகித உறையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தாள். மஞ்சள் மாத்திரைகள் உருண்டன. ஒன்று அண்ணனின் காப்பி டம்ளரில் முட்டி நின்றது. "எண்ணிப் பாரு. ஒண்ணு குறையாது."

கஸ்பார் வாயைத் திறப்பதற்குள் அவள் தொடர்ந்தாள். "காஜா பாய் பாத்தாரு. எவனோ கூறு கெட்டவன் டாங்க் மூடியிலே ஓட்டை போட்டு வச்சிருந்தானாம். அதைத்தான் அடைச்சாரு."

மனைவி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அதைக் கஸ்பார் கவனிக்கவும் இல்லை. அவருக்குக் கேட்டது ஒரே ஒரு சொல். ஆபீஸுக்கென்று வைத்திருந்த திருத்தமான பேச்சு கழன்று விழுந்து, ராயபுரம் வெளியே வந்தது.

"எவன்டா கூறு கெட்டவன்? அத்த அட்ச்சது எவன்? அது நான் போட்ட ஓட்டை! இன்னா தெரியும் அந்தப் பாய்க்கு? டாங்க் மூச்சு வுடாம வண்டி எப்டிய்யா ஓடும்?"

எழுந்து வெளியே போனார். மூடியோடு திரும்பி வந்து மேஜைமேல் ஓங்கி வைத்தார். "பாரு மச்சான், ஈயம் வச்சி கீறான்! நானே என் கையால, இதே மேஜைல வச்சிப் போட்டது."

அருள்பிரகாசம் மூடியை எடுத்து முகர்ந்தார். ஈயக் குமிழை விரலால் தடவினார். "எப்போ போட்டீங்க?"

"ராயப்பர் திருநாளுக்கு முந்தின ஞாயிறு. ஏன்?"

"இல்லே. சுகி முதல்ல நாத்தம்னு எனக்கு எழுதினது ஜூலையிலே." அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவருக்கு யோசிப்பது கஷ்டமான வேலை, நெற்றியில் தெரிந்தது. "இதை அடைச்சதும் போயிடுச்சா?"

"அடைச்ச அன்னிக்கே" என்றாள் சுகிர்தம்.

அருள்பிரகாசம் டாக்டரின் கடிதத்தை நான்காக மடித்தார். சட்டைப் பையில் வைத்தார். பிறகு அது அங்கே தெரியக்கூடாது என்பது போல எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் தள்ளினார். "நான் சாயங்கால வண்டிக்கே கிளம்பிடறேன்" என்றார்.

சுகிர்தம் அண்ணனைப் பார்த்தாள். நன்றி வரவில்லை. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே தட்டில் சாப்பிட்டவள் சொன்னதை நம்பாதவர், பட்டாணி அளவு ஈயம் சொன்னதும் நம்பிவிட்டார். போகட்டும். ஈயம் சொன்னால் போதும்.

கஸ்பார் இதில் எதையும் கவனிக்கவில்லை. அலமாரியிலிருந்து கை டிரில்லை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "நடு ரோட்ல வண்டி நின்னா இந்தப் பாயா வந்து தள்ளுவான்?" மூடியை மேஜையின் அதே விளிம்பில் வைத்தார். "சுகிர்தம், வந்து பிடி."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பிடின்றேன்ல?"

"நீங்களே பிடிச்சுக்குங்க."

பதினான்கு வருடத்தில் இந்த வீட்டில் யாரும் கேட்டிராத வாக்கியம் அது. கஸ்பாருக்கு அது காதில் விழுந்ததா என்பதே சந்தேகம். மச்சானைப் பார்த்தார். அருள்பிரகாசத்தின் கை மேஜைக்கு மேலே தானாகக் கொஞ்சம் எழுந்தது. தங்கை தன்னைப் பார்ப்பது தெரிந்ததும், பக்கத்தில் இருந்த காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டது.

சுகிர்தம் வாசல் அறைக்குப் போய்த் தகரப் பெட்டியை உள்ளே இழுத்து வந்தாள். லூர்துவின் கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள். லூர்து கதவோரம் வந்து நின்றாள்.

"அம்மா, அப்பா திரும்ப ஓட்டை போட்டா திரும்ப நாறுமா?"

"நாறும்."

"அப்போ?"

"அவர் கார்லே போகட்டும். நாம பஸ்லே போவோம்."

வெளியே டிரில் கரகரவென்று சுற்றத் தொடங்கியது. பிடிக்க ஆளில்லாத மூடி டிரில்லோடு சேர்ந்து தானும் சுற்றியது. மேஜையிலிருந்து தெறித்துத் தரையில் விழுந்து, வீடெல்லாம் கேட்க உருண்டு போயிற்று.